கறுப்புக் கரை

இரத்தோட்டைக்கு மேலே ஏலக்காட்டு வேலை முடிந்து நான் சும்மா கிடந்த சமயம். மாத்தளை டவுனிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் பாதை காட்ட என்னைக் கூட்டிக்கொண்டார். முஸ்லிம் மனிதர், கழுத்தில் தூரக்கண்ணாடி. பனிக்காலத்தில் காஷ்மீரிலிருந்து வரும் ஈப்பிடிப்பான் குருவி ஒன்றைத் தேடினார். சிட்டுக்குருவியை விடச் சிறியது. அதே போல நெஞ்சு சிவந்த வேறொரு குருவியும் உண்டாம். சிவப்பைச் சுற்றிக் கறுப்புக் கரை இருந்தால்தான் அவர் தேடுவது.

தேயிலை ஓரத்தில் ஒன்று வாலைத் தூக்கித் தூக்கி உட்கார்ந்திருந்தது. முதுகைத்தான் காட்டியது. பிறகு காட்டுக்குள் போய்விட்டது.

காடு தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தில் பச்சைக் கொப்பு தொங்கியது. உள்ளே போகிறவர்கள் அப்படி ஒன்றை ஒடித்துத் தொங்கவிட்டு ஐயனாரைக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் ஒன்றை ஒடித்துப் போட்டேன்.

"என்னையும் சேத்துச் சொல்லிவைங்க தம்பி. எனக்கு அவரோட பழக்கமில்ல," என்றார் மாஸ்டர்.

குருவியின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பாதையை விட்டு இறங்கினார். கண்ணாடியைக் கண்ணில் வைத்து நின்றவரின் முழங்காலுக்குக் கீழே ஏதோ மினுங்கியது. கம்பி. அது போன வழியே பார்த்தேன். செடி மறைவில், கவட்டைக் குச்சிகளின் மேல் துவக்குக் குழாய். காட்டுப்பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கு. கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். அவருடைய ஒரு கால் கம்பிக்கு அந்தப் பக்கம், மற்றது இந்தப் பக்கம்.

மரத்தில் தொங்கியது சாமிக்கு வைத்த கொப்பு அல்ல, துவக்கு வைத்தவன் ஆட்களுக்கு வைத்த அடையாளம் என்று அப்போதுதான் புரிந்தது.

"மாஸ்டர், அசையாதீங்க."

"நான் எங்க அசையிறேன். நீங்க பேசாம இரிங்க, பறந்துடும்."

"கீழ துவக்குக் கம்பி."

"யா அல்லாஹ்," என்றார்.

"முன்னால இருக்கிற கால நான் தூக்குறேன். நீங்க தூக்க வேணாம்."

குந்தி, கணுக்காலை இரண்டு கைகளாலும் பிடித்தேன். சப்பாத்து ஈரத்தில் வழுக்கியது. அவர் என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டார். காலைப் பின்னுக்கு எடுக்கும்போது காற்சட்டை ஓரம் கம்பியில் உரசியது. கம்பி ஆடியது. எனக்கு மூத்திரம் வந்துவிட்டது. துவக்கு வெடிக்கவில்லை.

ஒன்று வைத்தவன் இன்னொன்றும் வைத்திருப்பான். வந்த அடியிலேயே அடி வைத்துத் திரும்பினோம். ஒவ்வொரு கொடியும் கம்பியாகவே தெரிந்தது.

ரோட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "நீங்க கால தூக்கின நேரம் குருவி இந்தப் பக்கம் திரும்பிச்சு. நெஞ்ச நேராக் கண்டேன்."

"கறுப்பு இருந்துச்சுங்களா?"

"இருந்த மாதிரி. பயத்துல கண்டத எப்படிச் சொல்ற? இன்னொருக்காப் பாக்கணும்."

"வேற ஆளப் பாருங்க மாஸ்டர்."

ரோட்டு ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. பஸ் வரும்வரை இரண்டு பேரும் தார் ரோட்டின் நடுவிலேயே நின்றோம்.