புயலுக்குக் கட்டிய சாக்கு

காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் நானும் என் துணைவியும் வாழ்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தபோது, சமையலறை மின்புகைபோக்கியின் குழாய் வழியே மழைநீர் இறங்காதிருக்க, வெளிச்சுவரில் அதன் வாயைச் சாக்கால் கட்டினேன். புயல் கடந்தது, சாக்கை மறந்துவிட்டேன்.

கார்த்திகைத் திருநாளன்று துணைவியார் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். வெளியேற வழியற்ற புகை அறையெங்கும் சூழ்ந்தது.

“என்னங்க, சிம்னிலேர்ந்து எண்ணெ சொட்டுது, ஓடி வாங்க!”

நான் விரைவதற்குள் சொட்டிய பிசுக்கு அடுப்பில் பற்றி, தழல் மேலே புகைபோக்கியின் வலைத்தட்டை எட்டியிருந்தது. பதற்றத்தில் நீர்க்குடத்தைத் தூக்கினேன்.

“அய்யோ, கொதிக்கிற எண்ணெல தண்ணிய ஊத்தாதீங்க!” என்று தடுத்தவர், அடுப்பை அணைத்து வாணலியைத் தாம்பாளத்தால் மூடினார். நான் புகைபோக்கியின் மின்விசையை நிறுத்தினேன். தழல் அடங்கியதும் வெளியே ஓடிச் சாக்கை அவிழ்த்தேன்.

மறுநாள் வந்த பழுதுநீக்குநர் குழாயைக் கழற்றினார். உள்ளே தாரெனப் பிசுக்கு படிந்திருந்தது.

“வாங்குனதுலேர்ந்து தொறந்தே பாக்கலையாங்க?”

இப்பொழுது ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்பே அவரை அழைத்துக் குழாய் முழுவதையும் ஆய்ந்து தூய்மை செய்விக்கிறேன். சாக்குக் கட்டும் நாளில் அடுப்பின் திருகிலும் சிவப்புத் துணியொன்றை முடிந்துவிடுகிறேன். சாக்கை அவிழ்த்த பின்னரே அதை அவிழ்ப்பேன்.

“அடுப்புக்கே காப்புக் கட்டிட்டீங்களா?” என்று துணைவியார் நகைக்கிறார். நகைக்கட்டும், நகைக்க அவர் இருக்கிறாரே.