மணப்பாட்டுக்குப் பஸ்ஸில் போன மிரர்

நெடுநாள் மூடிக் கிடந்த கணினியை இயக்கினால் சூடான தூசியின் வாடை எழும். அது மூக்கில் ஏறினால் போதும், எனக்கு மணப்பாட்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். காற்று, காற்று, ஜன்னல் முழுக்கக் காற்று.

என் கல்லூரித் தோழன் கப்பலில் எலக்ட்ரீசியன். மறுநாள் கப்பலேற வேண்டும். அதற்குள், யாரோ கழித்துக் கொடுத்த கணினிகளை வைத்துத் மணப்பாட்டில் தன் தெருவில் ஒரு கணினி வகுப்பைத் தொடங்கிவிடத் துடித்தான். மீனவர் ஊர் அது, ஞாயிறன்று கடலுக்குப் போகமாட்டார்கள். மாதா கோயில் பூசை முடிந்தால் எல்லோரும் கரையில்தான். அன்று தவறினால், அவன் திரும்பிவரும்வரை கணினிகள் தூங்கும்.

வகுப்புக்கு அவன் பிடித்திருந்த அறையிலோ சிக்னல் வரும், போகும். அதனால் தூத்துக்குடியில் என் வீட்டு இணையத்திலேயே வேலையை முடித்துக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வெர்ச்சுவல் மெஷின் அமைத்தேன். கணினிக்குள் குடியிருக்கும் இன்னொரு கணினி அது. எந்த லேப்டாப்பில் செருகினாலும் விழித்துக்கொள்ளும். லினக்ஸ் மென்பொருள்களின் முழு நகலை, மிரர் என்பார்கள், அதற்குள் இறக்கினேன். மழை பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது, மிரர் இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துப் பஸ் ஏறினேன். ஒரு களஞ்சியமே மடியில்! உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாய்ப் பின்னால் ஓடின.

தோழனின் லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகி, எல்லாக் கணினிகளையும் கேபிளால் இணைத்தோம். ஆண்களும் பெண்களுமாய் அறை நிறைந்தது. மிரரிலிருந்து மென்பொருளை நிறுவ முதல் கணினியில் கட்டளை கொடுத்தேன். மறுத்தது. இரண்டாவதும் மறுத்தது.

"ஏலே, ஊரைக் கூட்டிட்டு மூஞ்சியத் தொங்கப்போடாத," என்றான் தோழன்.

பிழைச் செய்தியைப் படித்தேன். மிரரில் இருப்பவை இன்னும் பிறக்கவே இல்லையாம். திரையின் மூலையைப் பார்த்தேன். எத்தனையோ வருடத்துக்கு முந்தைய தேதி. உப்புக்காற்று உள்ளே தேதியை நினைவில் வைத்திருக்கும் பொட்டு பேட்டரிகளைத் தின்றுவிட்டது. கணினிகள் காலத்தை மறந்து, இளமைக்குத் திரும்பியிருந்தன. தேதியை உரக்க வாசித்தேன்.

"அய்யோ, அப்ப எனக்குக் கல்யாணமே ஆவலியே! அப்படியே இருக்கட்டும் சார்," என்றார் முன்வரிசைப் பெண்.

"மாத்திருங்க சார்," என்று பின்னாலிருந்து அவர் கணவரின் குரல். "இவ அப்பன்ட்ட மறுபடி பொண்ணு கேட்டு என்னால அலைய முடியாது."

சிரிப்பு அடங்குமுன் தேதிகளை மாற்றினேன். திரைகளில் வரிகள் பொலபொலவென்று ஓடின. மாலைக்குள் அந்தப் பெண் தமிழில் கணவரின் பெயரை அடித்தார். ஒரு பொத்தானால் அழித்தும் காட்டினார். அறை ஆர்ப்பரித்தது.

டிஸ்க்கை என் பையில் போட்டு, தோழன் பஸ் வரைக்கும் வந்தான்.

"புதுசு புதுசா இறக்கிக் கொண்டாந்து குடுத்துருலே. ஞாயித்துக்கெழம வகுப்பு நிக்கப்படாது."

"நிக்காதுலே," என்றேன் ஜன்னல் வழியே. "நீ போயி கப்பலப் பாரு."