ஆயுத பூஜையன்று எடுத்த குரூப் போட்டோ

எண்பதுகளின் கடைசி. சிட்லபாக்கத்தில் அண்ணன் வீட்டுப் பின்பக்க அறையில் நானும் என் ஆறு வயது மகளும் இருந்தோம். தாம்பரத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்குத் தையல் வேலை. விவாகரத்து ஆகிவிட்டது. பிள்ளைக்கு அவள் அப்பா மாதம் இருநூறு ரூபாய் கொடுக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருந்தது. மனுஷன் முதல் மாதம் கொடுத்தார். அப்புறம் பத்து மாதம் ஒரு பைசா இல்லை. பீஸ் கட்டவில்லை என்று மகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள்.

பாக்கி கேட்டு மனு போட்டேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அழுக்குச் சட்டையில் வந்து, “வேலை போயிடுச்சுங்கய்யா” என்று கையைக் கட்டி நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லாவரம் பக்கம், முன்பு வேலை பார்த்த அதே பட்டறையில்தான் லேத் ஓட்டுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முதலாளி அவருடைய சிநேகிதர், வாயே திறக்க மாட்டார். “சாட்சி இல்லேன்னா மனுவைத் தள்ளிடுவாங்கம்மா” என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

“அவன் காசு நமக்கு எதுக்கு? விட்டுத் தொலை, மானம் போவுது” என்றார் அண்ணன்.

“தப்பு பண்ணது அவரு. மானம் மட்டும் எனக்குப் போகுமா?” என்று கேட்டுவிட்டேன். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குப் பட்டறைக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், பொரி கடலை கொடுப்பார்கள். எல்லாரும் யூனிஃபார்ம் போட்டு மெஷின் முன்னால் குரூப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் வருஷா வருஷம் அந்தப் போட்டோவைக் காட்டி என்னிடம் பீற்றிக்கொள்வார். அதை மட்டும் விடவே மாட்டார் என்று நினைத்தேன்.

பூஜையன்று பட்டறைக்குப் போனேன். விடவில்லை! முன்வரிசையில், நட்டநடுவில், வருஷம் எழுதிய சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் போனார். “அண்ணே, ஆடாத! நேரா பாரு!” என்று போட்டோக்காரர் அதட்டினார். பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போய் ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னேன். “துட்டு குடுத்தா யாருக்குன்னாலும் காப்பி போடுவேன்க்கா. எதுக்குன்னு நீ சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல” என்றார் போட்டோக்காரர். அந்த நல்ல மனுஷனுக்கு ஒரு நன்றிகூடச் சரியாகச் சொல்ல வரவில்லை எனக்கு.

அடுத்த வாய்தாவில் மாஜிஸ்ட்ரேட் போட்டோவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“பூஜைக்குச் சும்மா போனேங்கய்யா.”

“சும்மா போனவருக்கு எதுக்கு யூனிஃபார்ம்?”

பாதிப் பாக்கியை அன்றே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஜெயில் என்று உத்தரவானது. சாயங்காலத்துக்குள் எங்கிருந்தோ புரட்டிக் கட்டினார். மீதி, தவணையில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடி வந்து, “அப்பா பணம் குடுத்தாராம்மா?” என்று கேட்டாள்.

“குடுக்கலடி. நாம வாங்கினோம்” என்றேன்.

இன்று அவளே கைநிறையச் சம்பாதிக்கிறாள். ஆனாலும் அந்தப் பதிலைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை என்பதுதான், வாழ்க்கையில் நான் இன்றுவரை பெருமைப்படும் விஷயம்.