அத்தாவின் கம்பெனி வண்டி

எங்கள் அத்தா, அதாவது அப்பா, ஆட்டு வியாபாரி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கேட்கிறவர்களுக்கு வெட்கமாக இருந்தால் அது அவர்கள் பாடு. திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் எங்கள் வீடு. வாரா வாரம் அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்து, ஊருக்கு ஓட்டி வந்து, கறிக்கடைகளுக்குக் கொடுப்பார். ஓட்டி வந்து என்றால் நடந்து வந்து என்று அர்த்தம். பஸ்ஸில் ஆட்டை ஏற்ற மாட்டார்கள். லாரிக்காரர் கேட்கிற வாடகையைக் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே தார் ரோட்டில் ஆடுகளுக்குப் பின்னால் அத்தாவும் நடப்பார். வெயிலில் நடக்க நடக்க ஆடும் வற்றும், ஆளும் வற்றுவார். சந்தையில் கொழுகொழுவென்று நின்ற கிடாய், கறிக்கடை வாசலுக்கு வரும்போது விலா எலும்பு தெரிய நிற்கும். கடைக்காரர் விலையைக் குறைப்பார். வீட்டுக்கு வந்ததும் அத்தாவின் குதிகால் வெடிப்பில் அம்மா விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவுவார். காலைத் தொட்டாலே அத்தா பல்லைக் கடிப்பார்.

அந்தக் காலுக்காகத்தான் கார் வாங்கினோம். பவிசுக்காக இல்லை. குஜிலியம்பாறைப் பக்கம் அம்மாவுக்கு அவர் பிறந்த வீட்டில் கொடுத்த மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. "மழையப் பாத்துக்கிட்டே இருக்குற நிலத்த வச்சு என்ன செய்ய? வித்துட்டு வண்டி வாங்குங்க" என்று அம்மாதான் சொன்னார்.

வெள்ளைக்காரன் இருந்தவரை காரும் சீமையிலிருந்தே வந்தது. எங்கள் ஊரில் சுருட்டு முதலாளி, தோல் முதலாளி என்று நாலைந்து பேரிடம் இருந்திருக்கும். சுதந்திரத்துக்கு அப்புறம் சர்க்கார் வெளிநாட்டுக் காருக்குக் கதவைச் சாத்தியது. கல்கத்தாப் பக்கம் ஒரு கம்பெனி, சீமைக்காரர்கள் போட்டு அலுத்த அச்சுகளை விலைக்கு வாங்கிவந்து, அவற்றிலேயே கார் அடிக்க ஆரம்பித்தது. முதலில் வந்தவை குட்டையாக, உருண்டையாக இருந்தன. அப்புறம் கொஞ்சம் நீட்டிப் பெரிதாக ஒன்று வந்தது. ஐம்பதுகள் முடியப்போகிற சமயத்தில் முதுகு வளைந்த பெரிய வண்டி வந்தது. அதோடு கம்பெனிக்காரர்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டார்கள். முகப்பில் இருக்கிற கம்பியை மாற்றுவார்கள், விலையை ஏற்றுவார்கள். வேறு எதை, எதற்காக மாற்ற வேண்டும்? வாங்குகிறவன்தான் பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறானே! பம்பாயிலும் மெட்ராஸிலும் கூட கார் செய்தார்கள். ஆனால் குடும்பமே ஏறி உட்காரலாம், மண் ரோட்டிலும் போகலாம் என்றால் இதுதான். எங்கள் ஊரில் அதன் பெயரை யாரும் சொல்லவில்லை. கம்பெனி வண்டி என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

மதுரையில் இருந்த ஏஜெண்டு ஆபீஸுக்கு அத்தா கட்டம்போட்ட கைலியோடுதான் போனார். அங்கே இருந்த குமாஸ்தா மேலும் கீழும் பார்த்திருக்கிறார்.

"என்ன வியாபாரம் பாய்?"

"ஆட்டு வியாபாரம்."

"ஆட்டு வியாபாரத்துக்கு எதுக்குக் கார்?"

"ஆடு ஏத்தத்தான்."

அத்தா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக் குமாஸ்தா சிரித்தாராம். அத்தாவுக்கு வேடிக்கை பேசத் தெரியாது.

பணம் கட்டியபோது நான் தாவணி போட ஆரம்பித்திருந்தேன். வண்டி வந்தபோது என்னைப் பெண் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அவ்வளவு காலம். இதற்கு நடுவில் எங்கள் தெருவில் இருந்த வக்கீல் ஒருவரும் பணம் கட்டிக் காத்திருந்தார். அவருக்கு முன்னால் எங்களுக்கு வண்டி வந்துவிட்டது. மனிதர் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. வரிசையில் யார் முன்னால் நின்றாரோ அவருக்குத்தானே முதலில் கிடைக்கும்? வக்கீலுக்கு அது தெரியாதா?

வெள்ளை வண்டி. கிடாயைப் பல் பிடித்துப் பார்த்து, முதுகை அமுக்கிப் பார்த்து வாங்குகிற மனிதர், அந்த வண்டியையும் அப்படியேதான் ஒவ்வொரு இடமாக அமுக்கிப் பார்த்து எடுத்து வந்தார். கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடும். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது. அது விழுகிற நேரம் விழும், விழாத நேரம் வண்டியை நிறுத்திவிட்டு அதனிடம் தன்மையாகப் பேச வேண்டும். மழை பெய்தால் காலடியில் தண்ணீர். அய்யலூர் போகிற வழியில் வடமதுரையில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டாமல் போக முடியாது. ஆனாலும் சொல்கிறேன், அந்த வண்டி ஒரு சந்தை நாளில்கூட எங்களை நடுரோட்டில் கைவிட்டதில்லை.

அத்தா பின்சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். நாங்கள் அதை வாசலறையில் போட்டு உட்கார்ந்தோம். வண்டிக்குள் சாக்கும் வைக்கோலும் பரப்பினார். முதல் சந்தையிலேயே ஒரு கூத்து நடந்தது. விற்கிறவர்கள் காலையில் ஆட்டுக்கு உப்புப் போட்டுத் தீவனம் வைத்து, வயிறு முட்டத் தண்ணீர் காட்டித்தான் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். அப்போதுதானே ஆடு புடைத்துத் தெரியும்! நடத்தி ஓட்டி வந்த காலத்தில் அந்தத் தண்ணீரெல்லாம் ரோட்டோடு போய்விடும். அத்தா பழைய பழக்கத்தில் அதை யோசிக்கவில்லை. வாங்கின கையோடு ஏற்றிவிட்டார். வீடு வந்து சேரும்போது புது வண்டிக்குள் குளம். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறமெல்லாம் ஆடு வாங்கினால், செத்த நேரம் புளியமர நிழலில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் ஏற்றுவார்.

ஊர் எங்கள் வண்டிக்கு 'ஆட்டுக் கார்' என்று பெயர் வைத்தது. மதுரை ஏஜெண்டிடம் சர்வீஸுக்கு விட்டபோது, அங்கிருந்த மேனேஜர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "இது கனவான்கள் போறதுக்குச் செஞ்ச வண்டி பாய். இந்த நாத்தத்துல எங்க ஆளுங்க கை வைக்க மாட்டாங்க" என்றிருக்கிறார்.

"நேத்துப் பிரியாணி சாப்பிட்டப்ப நாறலையா?" என்று கேட்டார் அத்தா. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார். வேலையை முடித்துக் கொடுத்த பிறகுதான் எழுந்தார். அதற்கு அப்புறம் யாரும் அங்கே மூக்கைப் பொத்தவில்லை.

வண்டி வந்தபின் அத்தாவின் கால் ஆறியது. ஆடு வற்றவில்லை, விலை குறையவில்லை. வீட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தோடு சோறு தின்றோம். அதனால்தான் அடுத்து நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

தோல் வியாபாரம் செய்கிற வசதியான குடும்பம் ஒன்று என்னைப் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் அத்தா வாசலில் நின்றிருந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரி அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவரும் கம்பெனி வண்டிக்குப் பணம் கட்டியிருந்தார்; அவர் முறை வர இன்னும் எத்தனை வருடமோ. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பேசி முடித்து, பத்திரிகை அடித்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுத்து முடிக்கும்வரை வண்டியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அப்புறம்தான் ஆள் விட்டுச் சொன்னார்: கைக்கூலியாக நகையெல்லாம் வேண்டாம், அந்த வண்டியை மாப்பிள்ளை பேருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் கொடுப்பதைத்தான் எங்கள் சனம் கைக்கூலி என்று சொல்லும்.

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"குடுக்காதீங்க அத்தா! அந்த ஆளு காருக்குத்தான் சம்பந்தம் பேசிருக்காரு. எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்" என்றேன்.

"வாயை மூடுடி! பத்திரிகை குடுத்தாச்சு. நின்னுபோனா உன்னை எவன் கட்டுவான்?" என்றார் அம்மா. நிலத்தை விற்றுக் கொடுத்தவர் அவர். அழுதுகொண்டேதான் அதைச் சொன்னார்.

அத்தா என் பக்கம் திரும்பவில்லை. "வண்டி வர்றதுக்கு முன்னாடியும் நாம சோறு தின்னுக்கிட்டுத்தானம்மா இருந்தோம்? நடந்துக்கிருவேன்" என்றார். நடந்துகொள்வாராம்! ஐம்பதைத் தாண்டிய மனிதர், திரும்ப அந்த ரோட்டில், அந்தக் காலோடு. எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே வண்டியை மாப்பிள்ளை பேருக்கு மாற்றி, சாவியையும் வாங்கிப் போய்விட்டார்கள். அந்த வாரம் அத்தா சந்தைக்கு நடந்துதான் போனார். திரும்பி வந்து, காலை யாருக்கும் காட்டாமல் மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிக்காஹ் எங்கள் வீட்டுப் பந்தலில். வெளியே ஆண்கள், நிக்காஹ் ஓதிவைக்கிற ஹஜ்ரத், மாப்பிள்ளை. திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். என் சார்பில் பேசுகிற நிக்காஹ் வக்கீலாக என் தாய்மாமாவும், கூட இரண்டு சாட்சிகளும் சம்மதம் கேட்க உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹரைச் சொல்லி, இன்னாரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்பார்கள். பெண் தலையை ஆட்டினால் போதும். ஆட்டாவிட்டாலும், பின்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரிய மனுஷி தலையைப் பிடித்து ஆட்டிவிடுவார். மாமாவும் பெயருக்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, "சம்மதந்தானம்மா?" என்றார். என் பின்தலையில் ஒரு கை வந்து விழுந்தது. அதைத் தட்டிவிட்டேன்.

"மாப்பிள்ளைக்குச் சம்மதம். மஹருக்குச் சம்மதமில்ல மாமா. எனக்கு மஹரா அந்தக் கார் வேணும்."

"எந்தக் கார்?"

"அவரு பேர்ல இருக்குதுல்ல, அதுதான்."

மாமாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. வெளியே போய் அப்படியே சொன்னார். பந்தலில் ஒரே சலசலப்பு. மாப்பிள்ளையின் அத்தா எழுந்துவிட்டார்.

"இதென்ன நிக்காஹா, அய்யலூர்ச் சந்தையா? பொம்பளப் பிள்ள பேரம் பேசுது!"

மணப்பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பார்கள். திறந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "சந்தையாக்குனது நானில்ல. கைக்கூலி கேட்டு வண்டிய ஓட்டிட்டுப் போனது நீங்க. மஹர் கேக்குறது என் ஹக்கு."

அம்மா என் வாயைப் பொத்த வந்தார். வெளியே ஹஜ்ரத் தொண்டையைக் கனைத்தார். "பிள்ள சொல்றதுல தப்பில்ல. மஹர் பொண்ணோட உரிமை. பிடிச்சாக் குடுங்க, இல்லாட்டி மறுத்துட்டுப் போங்க. நான் இங்க புழுக்கத்துல எம்புட்டு நேரம் உக்காந்திருக்குறது?"

எனக்குப் பயமில்லை என்று சொல்லமாட்டேன். மாப்பிள்ளையின் முகத்தைக்கூட நான் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை. அவர் எழுந்து போய்விட்டால் காரும் கல்யாணமும் சேர்ந்து போகும். அத்தா காலம் முழுக்க நடப்பார். முதன்முதலாக மாப்பிள்ளையின் குரலை அப்போதுதான் கேட்டேன்.

"குடுத்துர்றேன் ஹஜ்ரத். எழுதிக்கங்க."

"டேய்!" என்றார் அவருடைய அத்தா.

"என் பேர்லதான அத்தா இருக்கு? நான் குடுக்குறேன். நீங்க உக்காருங்க."

நிக்காஹ் முடிந்தது. சாவியை ஒரு தட்டில் வைத்து உள்ளே கொண்டுவந்தார்கள். நான் அத்தாவைக் கூப்பிட்டேன். அவர் தயங்கித் தயங்கி வந்து என் முன்னால் நின்றார். சாவியை எடுத்து அவர் கையில் வைத்து விரல்களை மடக்கினேன்.

"வேணாம்மா. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு என்னவும் சொல்லிட்டுப் போகட்டும். இது என் வண்டி, நான் யாருக்கு வேணாலும் குடுப்பேன். நாளைக்குச் சந்தை, வெள்ளனக் கிளம்புங்க."

அத்தா அழுதார். ஆடு செத்தாலும் அழாத மனிதர் அத்தனை பெண்களுக்கு நடுவில் நின்று அழுதார்.

நான் மாப்பிள்ளை வீட்டுக்குக் குதிரை வண்டியில்தான் போனேன். மாமனார் என்னோடு பேசவில்லை. மறுநாள் மத்தியானம் அவர் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். கறிக்கடைகளுக்குப் போகிற வழியான அந்தத் தெருவில் ஒரு கார் வருகிற சத்தம் கேட்டது, கூடவே ஆடுகள் கத்துகிற சத்தமும். மாமனார் எழுந்து போய்ச் சன்னலைப் படாரென்று சாத்தினார்.

நான் போய்த் திறந்தேன்.