கைதூக்கியின் நான்காவது ஞானஸ்நானம்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சபையில் அவருக்குப் பட்டப்பெயர் கைதூக்கி. எந்தப் பிரசங்கியார் வந்து, "இரட்சிக்கப்பட விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றாலும் முதல் கை மாமாவுடையதுதான். புதிதாக வந்த பிரசங்கியார்கள், ஓர் ஆத்துமா ஆதாயம் என்று பூரித்துப்போவார்கள். ஒரே ஆத்துமா வருடத்துக்கு நாலு தடவை ஆதாயப்படுவது எங்களுக்குத்தானே தெரியும்!

ஞானஸ்நானமும் மூன்று ஆயிற்று. முதலாவது பதினேழு வயதில். இரண்டாவது, தன் அண்ணன் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்ட பிறகு. மூன்றாவது, இரண்டாவதில் முழுசாக முங்காமல் கால் பெருவிரல் தண்ணீருக்கு வெளியே நின்றதாக யாரோ சொன்னதால்.

போன வாரம் வேலைக்குப் போன கட்டடத்தில், "லிஃப்ட் எப்போ ரெடியாகும்?" என்று ஐந்தாவது தடவையாகக் கேட்ட வயதான காவலாளியை மாமா வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளிவைத்தார்.

"போச்சு. இரட்சிப்பு போயிடுச்சு."

"கடைசியா எங்க வெச்சீங்க? டூல் பைக்குள்ள பாத்தீங்களா?" என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. இன்றைக்குச் செத்தால் எங்கே போவோம் என்ற பயம் அவருக்கு நிஜம். இரண்டு நாளில் முகம் சுண்டிப்போனது. கேலி பேசும் எனக்கே பாவமாக இருந்தது.

ஞாயிறு மதியம் நான்காவது ஞானஸ்நானம் கேட்க மூவரும் பாஸ்டர் வீட்டுக்குப் போனோம். ஆறாவது மாடி. அக்காவுக்கு லிஃப்ட் என்றாலே உதறல். முழங்கால் வலியால் அன்று வேறு வழியில்லை. உள்ளே ஏறியதும் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். நாலாவது மாடி தாண்டியதும் கரண்ட் போய், லிஃப்ட் குலுங்கி நின்றது. அக்கா அலறினாள்.

இரண்டு நாளுக்குப் பிறகு மாமா அப்போதுதான் சிரித்தார். "கைய விடு. நீ பிடிச்சிருக்கிறதாலயா இது நிக்குது? மேல ஆறு ரோப் தாங்குது."

"விட்டா விழமாட்டேனா?"

"மாட்ட."

"பயத்துல உங்களக் கண்டபடி திட்டினா?"

"திட்டேன். ரோப் என்ன கோவிச்சுக்கிட்டு அறுந்தா போகும்?"

அக்கா ஒரு கையை மட்டும் எடுத்தாள். மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நீங்க இத்தனை வருஷமா எந்தக் கம்பியப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கீங்க?"

மாமா அண்ணாந்து லிஃப்டின் கூரையைப் பார்த்தார். கரண்ட் வந்து லிஃப்ட் மறுபடி ஏறியது.

பாஸ்டர் கதவைத் திறந்து, மாமாவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். "வாங்க. தேதி குறிக்கணுமா?"

"இல்லீங்க ஐயா. திரும்பிப் போகணும். ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"இரட்சிப்புக்காகவா?"

"இல்ல. அந்தப் பெரியவர் மனசு நொந்திருப்பார்."

சொல்லிவிட்டுத் திரும்பி லிஃப்டுக்குள் நுழைந்தார். அக்கா மறுபடியும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை மாமா அவளைக் கேலி செய்யவில்லை.