நாலு மூலை வீடு

ஊரே வட்டமாக வீடு கட்டி வாழ்ந்தபோது, ராதீரோ மட்டும் தன் வட்ட வீட்டைக் கடப்பாரையால் இடித்தார். தலைப்பிள்ளைக்குத் தீரோ என்று பெயர் வைத்த நாளிலிருந்து அவர் ராதீரோ, அதாவது தீரோவின் அப்பா; அவர் மனைவி மாதீரோ, தீரோவின் அம்மா. சொந்தப் பெயர்கள் அவர்களுக்கே மறந்து போயிருந்தன.

"கூரையில ஓட்டை விழுந்தா அடைக்கலாம். நல்லா நிக்கிற சுவர இடிக்கிற மனுஷன எங்க கொண்டுபோய்க் காட்ட?" என்று மாதீரோ புலம்பினாள்.

"தெற்கே கேப் மாகாணத்துல உன் அண்ணன் ஓட்டுப் போடுறானே, எப்படி? நாலு மூலை வச்ச வீடு, தகரக் கூரை, பேரெழுதத் தெரிஞ்ச கை. நாளைக்கு இங்கயும் அதே சட்டம்தான் வரும். வந்தப்புறம் செங்கல் அறுத்தா நேரத்துக்கு ஆகுமா?"

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? டச்சு வம்சத்து வெள்ளைக்கார விவசாயிகளான போயர்களோடு நடந்த போரில் ஆங்கிலேயப் பட்டாளத்துக்கு மாட்டுவண்டி ஓட்டியவர் அவர். இரவெல்லாம் நனைந்தபடி பீரங்கிக் குண்டுகளை ஆற்றைக் கடத்திக் கொடுத்தபோது, ஒரு ஆங்கிலேய அதிகாரி அவர் தோளில் கைவைத்து, "ஜெயிச்ச பிறகு கொடிக்குக் கீழ எல்லாரும் ஒண்ணு" என்றான். பிறகு அதே பட்டாளம் அவர் மாடுகளை இறைச்சிக்கு ஓட்டிக்கொண்டு போனது. ஆனாலும் அந்தக் கை தோளில் இருந்த சூடு மட்டும் அவருக்கு ஆறவே இல்லை.

பசூட்டோ மலைக்குள் ஒளித்துவைத்துத் தப்பித்த கொஞ்சம் மாடுகள்தான் மிச்சம். அவை தீரோவின் கல்யாணத்துக்கானவை. பெண் ஒனலேனா. மாடுகள் பெண்வீட்டுப் பட்டிக்குள் போகாமல் பெண் வெளியே வரமாட்டாள். எந்த அழுகையும் அந்த வழக்கத்தை மாற்றாது. அந்த மாடுகளை விற்றுத்தான் ராதீரோ தகரம் வாங்கினார்.

தீரோ வாய் திறந்து கேட்டது ஒரே முறைதான். "அப்பா, அவங்க வீட்டுக்கு என்ன சொல்லட்டும்?"

"ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லு. ஓட்டு வந்தா நம்ம ஆளு ஒருத்தன் சபையில உக்காருவான். பட்டாளம் தின்ன மாட்டுக்கெல்லாம் பதில் கேப்பான். உன் கல்யாணத்துக்கு ஒரு பட்டி நிறைய மாடு வரும்டா."

மகன் தலைகுனிந்து செங்கல் சுமந்தான். தகப்பனோ, வேலை முடிந்த மாலைகளில் சாம்பலைப் பரப்பி, சாட்டை பிடித்துக் காய்த்த விரலால் தன் பெயரை எழுதிப் பழகினார்.

வீடு எழும்பியது. ஒரு வருஷம் இரண்டானது. பிறகு ஒருநாள் ஊர்க்கூட்டத்துக்கு நீதிபதியின் மொழிபெயர்ப்பாளர் வந்து, போரில் ஜெயித்த ஆங்கிலேய அரசு நாட்டுக்குச் சுயாட்சி கொடுத்துவிட்டது என்று அறிவித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். ராதீரோ எழுந்து நின்றார்.

"எங்க பேர எங்க வந்து பதியணும், ஐயா?"

மொழிபெயர்ப்பாளர் செருமினார். "ஓட்டு வெள்ளைக்கார ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். கறுப்பர்களுக்குக் கொடுக்கலாமான்னு சுயாட்சி வந்த பிறகு பேசிக்கலாம்னு போர் முடிஞ்சப்போ போயர்களோட போட்ட சமாதான ஒப்பந்தத்துலயே எழுதி வச்சிட்டாங்க."

"யாரு பேசுவாங்க?"

"ஓட்டுப் போட்டு வர்ற சபை."

"அதாவது வெள்ளைக்காரங்க போடுற ஓட்டுல வர்ற சபை."

"ஆமா."

பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார்: "கோழிக்கூண்டுக்குக் கதவு வேணுமான்னு நரிகளக் கூப்பிட்டுக் கேக்கப் போறாங்க." கூட்டம் சிரித்தது. ராதீரோ உட்கார்ந்தார்.

அந்த அறுவடைக்குப் பிறகு ஒனலேனாவின் தகப்பன் வீட்டுக்கு வந்தார். மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கொடுமை.

"அண்ணே, ரெண்டு வருஷம் எம்பொண்ண வீட்டுல வச்சிருந்துட்டேன். வேற இடத்துலேருந்து மாடு வந்துடுச்சு. பட்டிக்குள்ள வந்த மாட்ட நான் எப்படித் திருப்பி விரட்டுவேன்?"

மாதீரோ புளித்த சோளக்கூழை வந்தவர் முன் வைத்தாள். அவர் குடிக்காமல் எழுந்து போனார்.

தீரோ தகப்பனைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவன் தங்கச் சுரங்கத்துக்கு ஆள் எடுப்பவனிடம் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வந்து, போகும் நாளை மட்டும் சொன்னான். விதியைப் பாருங்கள், அதுவே தேர்தல் நாள்.

ரயிலடிவரை மகனோடு நடந்து, போகும்முன் ஒரு வார்த்தை, "மன்னிச்சிடு" என்ற ஒரே வார்த்தை, சொல்லிவிட வேண்டும் என்று ராதீரோ காத்திருந்தார். விடியும்போது பண்ணைக்காரர் கோபஸ் ஃபெரேராவின் ஆள் வந்து நின்றான். வண்டி பூட்ட வேண்டும், எசமான் ஓட்டுப் போடப் போகிறார்.

கோபஸ் ஒரு போயர், போரில் ஆங்கிலேயரைச் சுட்டவர். பிடிபட்டு, கடல் கடந்து இலங்கைத் தீவில் கைதியாகக் கிடந்து திரும்பியவர். இப்போது ராதீரோ உழுவதும் அவர் ஏரில்தான், ஓட்டுவதும் அவர் வண்டியைத்தான்.

"இன்னிக்கு ஒருநாள் வேற ஆள வச்சுக்கங்க, எசமான். மகன் ஊருக்குப் போறான்."

"ரயில் நீ போகலன்னா நின்னுடுமா? இந்த நாளுக்காக நான் எத்தன வருஷம் காத்திருக்கேன் தெரியுமா? பூட்டு."

பூட்டினார்.

வாக்குச்சாவடி வாசலில் போயர்களும் ஆங்கிலேயர்களும் ஒருவர் புகையிலையை ஒருவர் வாங்கிக் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர்கள் எதிரே முள்மரத்தடியில் மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரயிலடி அங்கிருந்து கூப்பிடு தூரம். எஞ்சின் புகை தெரிந்தது. நுகத்தை விட்டுவிட்டு ஓடலாம். மாடு மிரண்டு வண்டி கவிழ்ந்தால் இருக்கும் பிழைப்பும் போகும், உழுகிற ஏரும் போகும், மாதீரோ என்ன தின்பாள்?

கோபஸ் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "போட்டாச்சு. இனிமே நம்ம நாட்ட நாமளே ஆளலாம். கவலப்படாத கிழவா, உங்களையும் நாங்கதான பாத்துக்கப் போறோம்."

"சரி, எசமான்."

"இந்தப் பக்கம் ரயிலடியில கூட்டமா இருக்கும். ஆத்துப் பக்கமா ஓட்டு."

ரயில் நீளமாகக் கூவியது. ராதீரோ முன்மாட்டின் பெயரைச் சொல்லி ஆற்றுப் பக்கம் திருப்பினார்.