மூன்றாம் மாடியின் வாசகி

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் பல்செட் அக்கா. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை. மெழுகில் ஈறு செதுக்கி, பல்லைப் பதித்து, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய சிரிப்பைத் தயார் செய்து அனுப்புவாள். கல்யாணம் சரிப்பட்டு வரவில்லை. மூன்றாம் மாடியில் தனிக்குடித்தனம். வீட்டுக்கு வந்தால் சுவரோடுதான் பேசவேண்டும் என்பதால் வலைப்பூ ஒன்று ஆரம்பித்தாள். அதன் பெயர் 'மூணாம் மாடி'.

உலக விஷயம் எதுவும் எழுதமாட்டாள். குழாய் ஒழுகுவது, கீழ்வீட்டுக்காரர் தும்மினால் தன் அலமாரிப் பாத்திரம் அதிர்வது, இப்படித்தான். படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர். அதில் ஒருத்தி எதை எழுதினாலும் முதல் ஆளாக வந்து பின்னூட்டம் போடுவாள். அவள் வைத்துக்கொண்ட பெயர் 'ஈரத்துணி'. வீட்டைப் பற்றி எழுதினால் அவளுக்குக் கொள்ளை ஆசை. பால்கனிக் கதவு மழைக்கு இறுகிக்கொள்கிறதா, அழைப்புமணி வேலை செய்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அன்பாகக் கேட்கிறாள் என்று அக்காவும் பதில் எழுதிவந்தாள்.

ஒருநாள் துணி காயவில்லை என்று அக்கா எழுதியபோது, "அந்தப் பால்கனியில மத்தியானம் வரைக்கும் எப்படிக் காயும்? வெயில் சாயங்காலம்தானே வரும்" என்று பதில் வந்தது.

வெயில் எந்தப் பக்கம் வரும் என்று அக்கா எழுதியதே இல்லை. பழைய பதிவுகளையெல்லாம் திரும்பப் படித்தாள். எழுதவே இல்லை. எழுந்துபோய் பால்கனிக் கதவைத் தாழிட்டுவிட்டு, "நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

சில நாள் கழித்து ஒரு வரி வந்தது: "பயப்படாதீங்க. நேர்ல சொல்றேன்."

கூடத்தில் பல்லுக்கு மெருகு போடுகிறவர் இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "முன்னபின்ன தெரியாதவங்களை வீட்டுக்குள்ள விடாதம்மா. முதல்ல நாலு பேர் நடமாடுற இடத்துல பாரு."

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் பார்த்தார்கள். 'ஈரத்துணி' ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண்மணி. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது. அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு முன்னாடி அந்த வீட்டுல நான்தாங்க குடியிருந்தேன். பொண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு நானும் என் தம்பியும்தான்."

"தம்பி?"

"பேண்ட் நீளத்தைக் குறைக்கணும்னு தையல்கடைக்குப் போனான். பேண்ட் தைச்சுக் கடையிலேருந்து வந்துடுச்சு. அவன் வரலை." துக்கம் சொல்கிற குரலில்லை, விலாசம் சொல்கிற குரல். "சண்டை போட்டுட்டுப் போயிருந்தாலாவது மனசு ஆறும். ஒண்ணுமே இல்லைங்க. கதவைச் சாத்திக்கோக்கான்னு சொல்லிட்டுப் போனான்."

தேடாத இடமில்லை. பிறகு வாடகையை ஏற்றினார்கள், காலி செய்யவேண்டியதாயிற்று. புது வீட்டு விலாசம் தம்பிக்குத் தெரியாது. வந்தால் மூன்றாம் மாடிக்குத்தான் வருவான். அந்தக் கட்டடத்தைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று இணையத்தில் துழாவிக்கொண்டே இருந்தவளுக்கு, அக்கா போட்ட பால்கனிப் படம் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. உடைந்த தரையோட்டை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள்.

"யாராவது கதவைத் தட்டினாங்களா, அதை மட்டும் தெரிஞ்சுக்கத்தான் படிச்சேன். அப்புறம் நீங்க எழுதுறதே பிடிச்சுப்போச்சு" என்றாள்.

அன்றே அவளை அக்கா வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வீட்டு வாசலுக்குப் போகும் இருட்டு நடையில் அவள் கை தானாக நீண்டு விளக்கைப் போட்டது. வாசலில் நின்று பூட்டைத் தடவிப் பார்த்தாள்.

"மாத்திட்டீங்களா?"

"வந்த கையோட மாத்திட்டேன்."

"நல்லதுதாங்க. தனியா இருக்கிறவங்க மாத்தத்தான் வேணும்." முகம் மட்டும் வாடிப்போயிற்று. "பழைய சாவி அவன்கிட்ட இருக்கு."

அதன் பிறகு விடுமுறைதோறும் வரத் தொடங்கினாள். சேர்ந்து சமைத்தார்கள், துணி துவைத்து, காயாததைப் பார்த்துச் சிரித்தார்கள். பின்னூட்டத்தில் இருந்த 'வாங்க போங்க' எப்போது 'வாடி போடி' ஆயிற்று என்று இருவருக்கும் தெரியாது. எங்கே உட்கார்ந்தாலும் அவள் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவாள். அவள் போனபிறகு அந்த நாற்காலியைத் திருப்பிப்போட அக்காவுக்கு மனம் வராது.

மெல்ல மெல்ல அக்காவின் காதும் மாறிப்போனது. படியில் காலடி கேட்டால் கையில் இருந்தது நழுவும். மாடி ஏறும் கால்கள் இரண்டாம் மாடியோடு நின்றுவிட்டால், ஏமாந்துபோன மாதிரி இருக்கும். பார்த்தேயிராத ஒருவனுக்காக.

"முன்பல்லு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். சிரிக்கும்போது கையால மூடிப்பான்" என்று தோழி ஒருநாள் சொல்லிவைத்தாள். அதோடு அக்காவின் வேலையிலும் தம்பி வந்து உட்கார்ந்துகொண்டான். கடைவாய்ப் பல்லுக்கு உறை செய்ய வரும் அச்சு ஒவ்வொன்றிலும் முன்பல்லைத்தான் முதலில் பார்த்தாள். ஒரு காலைநேரம் அப்படியே ஒன்று வந்தது. ஏறிய பல், இடப்பக்கம் சாய்ந்து. சாக்குச் சொல்லிவிட்டு, உறையைத் தானே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், நோயாளி வரும்வரை காத்திருந்தாள். ஊன்றுகோலோடு ஒரு கிழவர் வந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

தோழியிடம் சொன்னபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு. பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"உன்னையும் தேட விட்டுட்டேனே, பாவி நான். இது ஒட்டுவாரொட்டி வியாதிடி. விட்டுடு."

"நீ விட்டியா?"

"இப்பல்லாம் எனக்குத் தூக்கம் வருது. நீ இங்க இருக்கேன்னு நினைச்சா, படுத்ததும் தூங்கிடுறேன்."

கொஞ்ச காலத்தில் தோழியின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வேறு ஊருக்குப் புறப்பட்டாள். பேருந்து ஏறும்போது கதவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. 'ஈரத்துணி'யிடமிருந்து பின்னூட்டம் வருவதும் குறைந்தது. வந்தாலும் பேரனின் படம்தான் வரும்.

கூடத்துக்குப் பக்கத்திலேயே, லிஃப்ட் வைத்த வீடு ஒன்று குறைந்த வாடகைக்கு வந்தது. மெருகு போடுகிறவர்தான் பார்த்துச் சொன்னார். அக்கா போய்ப் பார்த்தாள். வெளிச்சமான வீடு. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டவரிடம், "அங்க வந்துட்டா இங்க யாரு இருப்பா?" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இப்போதும் தோழி அடிக்கடி போன் செய்கிறாள். பேரன் தவழ்கிறான், மாப்பிள்ளைக்குச் சளி என்று மூச்சுவிடாமல் பேசுகிறாள். போன வாரம் அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அக்கா சொன்னாள்:

"இன்னிக்கு ஒருத்தர் வந்து கதவைத் தட்டினார்."

அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவன் இல்லை. வீடு மாறி வந்துட்டார். உள்ள கூப்பிட்டு தண்ணி கொடுத்து அனுப்பினேன்."

"சரிம்மா" என்றாள் தோழி. பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.